கோழியைத்தான் சொன்னேன்

ஆவரங்குளத்தில் பட்டறைத் தெரு என்று ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் ஒரே கூரைக்குக் கீழே ஒற்றைக்கல் சுவரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வீடு உண்டு, அந்த இரண்டு வீட்டிலும் வாய் என்றால் வாய், ஊரை வித்து உலையில் போடுகிற வாய் உண்டு. கிழக்கு வீட்டு வாய் சீனித்தாய். மேற்கு வீட்டு வாய் ஜெயக்கொடி. அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி, ஓரகத்திகள். பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்த அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்கியது கிடையாது. அண்ணன் சங்கரபாண்டியும் தம்பி ராமபாண்டியும் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்கள். ஆம்பளைகளுக்கு என்ன, அவர்களுக்கு டீ ஆறாமல் இருந்தால் போதும்.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்து கோலம் போடும்போது ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் பேச்சுத்தான். ஆனால் எல்லாம் ஜாடை. சீனித்தாய் தன் வீட்டுக் குடத்தைத் திட்டுவாள், அது சுவரைத் தாண்டிப் போய் ஜெயக்கொடிக்குச் சுருக்கென்று குத்தும். ஜெயக்கொடி தன் வீட்டுச் சேவலைத் திட்டுவாள், இங்கே சீனித்தாய்க்குச் சோறு இறங்காது. ஜாடைப் பேச்சுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, பேர் சொல்லக்கூடாது. பேர் சொன்னவள் தோற்றாள். யாராவது தெருவில் நின்று, ஏ தாயி யாரத் திட்டுற என்று கேட்டுவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் கோழியைத்தான் சொன்னேன், யாருக்காச்சும் குத்துச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும் என்று சொல்லிவிட வேண்டும். சீனித்தாய் ஒருபடி மேலே போய், அவ பேரை என் நாக்கு சொன்னா அந்த நாக்கு அழுகிப்போகட்டும் என்று காளியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமே செய்திருந்தாள்.

இவ்வளவு பகைக்கும் வேர் எது என்று கேட்டால், சுவர் ஒரு சாண் கிழக்கே ஏறிவிட்டது என்று இவளும் மேற்கே ஏறிவிட்டது என்று அவளும் சொல்வார்கள். இரண்டும் பொய். சீனித்தாயின் மகள் கார்த்தீஸ்வரி பெரிய மனுஷியானபோது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கில், சித்திக்காரி ஜெயக்கொடி மஞ்சளும் பூவும் இருந்த தட்டுக்குக் கையை நீட்டினாள். கல்யாணமாகி வருஷம் பல ஆகியும் வயிறு திறக்காதவள். சீனித்தாய் ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மட்டும் ஒரு முழம் நகர்த்தி வைத்தாள். கூடியிருந்த அத்தனை பொம்பளைகளும் அதைப் பார்த்தார்கள். ஜெயக்கொடி நீட்டின கையை மடக்கிக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினை, சுவர், எல்லாம்.

அந்தக் கார்த்தீஸ்வரிக்கு இப்போது முப்பதைத் தொடப்போகிற வயசு. வாயுள்ள தாய்க்கு வாயில்லாத பிள்ளை. பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருக்கிற பெண். அவளைப் பார்க்க முதலில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் காபியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப்பக்கம் ஜெயக்கொடி சேவலைக் கூப்பிட்டாள். ஏ சேவலே, குப்பை கண்ட எடமெல்லாம் வாய வைக்காத, அந்த வீட்டுத் தண்ணி குடிச்சவன் எவனும் உருப்பட்டதா சரித்திரமில்ல. அவர் டம்ளரைக் கீழே வைத்தவர்தான், திரும்பி எடுக்கவில்லை. அடுத்த வருஷம் விளாத்திகுளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அன்றைக்கு ஜெயக்கொடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏ வெண்டிக்கா, இப்பிடி முத்திப்போயிட்டியே, மேல தண்ணி தெளிச்சு வச்சா மட்டும் எளசாயிருவியா, ஒன்னை எவன் தலையில கட்டுறது? விளாத்திகுளத்துக்காரர்கள் தட்டிலிருந்த பூவைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்கக் கார்த்தீஸ்வரி வெண்டைக்காய் சாப்பிடவில்லை.

மூன்றாவதாகக் கழுகுமலையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது சீனித்தாய் ஒரு முடிவுக்கு வந்தாள். அவள் வாயை அடைக்க முடியாது, சுவரை அடைக்கலாம். கையில் கிடந்த வளையலைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்து, மதுரையிலிருந்து ஜெபசிங் என்று ஒரு ஆளை வரவழைத்தாள். பாட்டுப் பதிகிற கூடங்களுக்கெல்லாம் சத்தம் தடுக்கிறவன் என்று பேர் வாங்கிய ஆள், வாய்ப்பந்தல் போடுவதிலும் கெட்டிக்காரன். சுவரில் காதை வைத்துக் கேட்டான், விரலால் தட்டிப் பார்த்தான், இது சுவரே இல்ல, தப்பட்டை என்றான். மரச்சட்டம் அடித்து, நடுவில் பஞ்சுப் பொதியைத் திணித்து, மேலே அட்டை, அட்டைக்கு மேலே பலகை, விளிம்புக்கெல்லாம் ரப்பர் என்று கூடத்திலிருந்து அடுப்படி வழியாகக் கொல்லைச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து அடைத்தான். மேலே வானம் தொறந்து கெடக்கே, அது வழியா வராதா என்று சங்கரபாண்டி கேட்டதற்கு, உள்ள இடி விழுந்தாலும் வெளிய எறும்புக்குத் தெரியாதுண்ணே என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். வானத்து வழியாகவும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடைத்த அன்றைக்குச் சீனித்தாய் பாயசம் வைத்தாள். அந்தப்பக்கத்து ஆட்டுரல் இல்லை, சேவல் இல்லை, ஜெயக்கொடியின் தொண்டைச் செருமல்கூட இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பழக்கம் என்பது பொல்லாதது. நாலு நாள் போனதும் அவளுக்கு வாய் நமநமவென்று அரித்தது. ஒருநாள் உச்சி வெயிலில், அடைத்தது நன்றாக அடைத்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில், பித்தளைக் குடத்தைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஏ வெறுங்குடமே, மேலுக்குப் பளபளன்னு மினுக்கத் தெரியுதுல்ல, வயிறுன்னு ஒன்னு இருந்தா அதுல ஏதாச்சும் தங்கணும்டி, ஒனக்கு ஆண்டவன் வச்சது அம்புட்டுத்தான். சுவர் அதை வாங்கவில்லை. பஞ்சில் மோதி, போக வழியில்லாமல், சொன்ன சொல் அப்படியே திரும்பிக் குடத்தின் மேலேயே விழுந்தது. குடம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, விளிம்பு விளிம்பாக உருண்டு, வாசல்படி இறங்கி, தெருவில் நாலு எட்டு நடந்து, ஜெயக்கொடி வீட்டுக்குள் போய்விட்டது.

களவாணிச் சிறுக்கி குடத்தைத் தூக்கிட்டா என்று சீனித்தாய் கத்தினாள். ஆனால் எதிர்வீட்டுத் திண்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருந்தார்கள், யாரும் தூக்கவில்லை, அதுவாகத்தான் போனது, போகும்போது முகம் தொங்கித்தான் இருந்தது என்று சாட்சி சொன்னார்கள். மறுநாள் அம்மி போனது. கல்நெஞ்சுக்காரி, இருக்கிற எடத்துல இருந்து அடுத்தவளை அரைக்கிறவளே என்று அதைச் சொல்லியிருந்தாள். அம்மி உருண்டு தெருவுக்கு வந்தபோது எதிரே மினிபஸ் வந்தது, டிரைவர் நிறுத்தி, பெரியவங்க மொதல்ல போகட்டும் என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு கொல்லையிலிருந்த முருங்கைமரம். பூப்பூவா பூத்து ஊரை ஏமாத்துற, ஒரு பிஞ்சுக்கு வக்கில்ல என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்த சொல்லைத்தான் அன்றைக்கும் சொன்னாள். மரம் வேரை உதறிக்கொண்டு, மண்ணைத் தெருவெல்லாம் சிந்திக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி மேற்கு வீட்டுக் கொல்லையில் போய் நின்றது. அங்கே போன பிறகு கிளை ஒடிகிற மாதிரி காய்த்துத் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் சீனித்தாய்க்கு வயிறு எரிந்தது.

அந்தப்பக்கமும் சும்மா இல்லை. அடைத்தது சுவரை, அது இரண்டு பக்கத்துக்கும் பொது. ஜெயக்கொடி திட்டிய சேவல் மனசு வெறுத்துப்போய்க் கிழக்கு வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்து கூவியது. கிரைண்டர் வந்தது, முக்காலி வந்தது, ராமபாண்டி படுக்கிற கட்டில் வந்து கூடத்தில் கால் நீட்டிக்கொண்டது. எதிரி வீட்டுக் கிரைண்டரைத் தொடுவேனா என்று ரெண்டு நாள் வீம்பாக இருந்தாள் சீனித்தாய், மூன்றாம் நாள் இட்லிக்குப் போட்டாள், மாவு பொங்கி அண்டாவைத் தாண்டி வழிந்தது. திட்டு வாங்காத வீட்டில் சாமான்கள் மனசு வைத்து வேலை செய்தன.

சங்கரபாண்டி ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கப் பார்த்தார். தானா நடந்து போன சாமானுக்கு எந்தச் சட்டத்துலய்யா கேஸ் போடுறது, நீங்க அதுகளோட கொஞ்சம் பேசிப் பாருங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் அதைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டது. தெருவில் ஒரு அண்டாவோ சுளகோ போனால் சைக்கிளை ஓரங்கட்டினார்கள். அம்மிக்கு வழிநெடுக யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள். டீக்கடை முத்தையா பாய்லரை வாங்க போங்க என்று பேசத் தொடங்கினார். பட்டறைத் தெருவில் எந்த மாமியாரும் தன் மகளைச் சாக்காக வைத்து மருமகளைத் திட்டவில்லை, சொல் எங்கே போய் விழுமோ என்று பயந்து விழுங்கி விழுங்கி ரெண்டு பேருக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. கொல்லத்தெரு ஆள் ஒருவர் ஓட்டை ஸ்கூட்டரைத் தொலைத்துத் தலைமுழுக வேண்டுமென்றே மச்சினனை மனசில் வைத்துக்கொண்டு அதைக் கண்டபடி ஏசினார், அது நேரே மச்சினன் வீட்டுக்குப் போய் அங்கே ஒரு உதையில் ஸ்டார்ட் ஆனதும் இவர் போய்த் திருப்பிக் கேட்டு மானம் போனது. ஊரெல்லாம் இப்படி மரியாதை பெருகிப்போக, அந்த இரண்டு வீட்டு வாய்கள் மட்டும் அடங்கவில்லை. ஒருத்தி நிறுத்தினால் மற்றவளுக்குப் பயந்து நிறுத்தியதாக ஆகிவிடுமே.

இதற்கு மருந்து என்ன என்று சீனித்தாய்க்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் சுளகு கோபித்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் போனபோது, வீட்டில் இருந்த கடைசிச் சுளகாச்சே என்ற பதற்றத்தில், அட நீ எங்க போற, நான் ஒன்னையா சொன்னேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சுளகு நின்றது. பாதி திரும்பியது. அப்புறம் யாரைச் சொன்னே என்று கேட்கிற மாதிரி அங்கேயே காத்திருந்தது. சீனித்தாய்க்கு நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பேர் வந்துவிட்டது. சூடம் அணைத்த கை ஞாபகம் வந்தது, பேர் சொன்னவள் தோற்றாள் என்ற சட்டம் ஞாபகம் வந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்த சுளகு படியிறங்கிப் போய்விட்டது. போனால் போகட்டும், தலையா போயிரப்போகுது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கழுகுமலைக்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிழக்கு வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கரண்டி இல்லை. வந்து குடியேறிய ஜெயக்கொடியின் சாமான்களைத் திட்டவும் முடியாது, திட்டினால் அது அது தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அவளுக்கு லாபம் ஆகிவிடும். சீனித்தாய் அடுப்படிக்கும் கூடத்துக்கும் அலைந்தாள், முருங்கைக்காய் சாம்பார் வாசம் மட்டும் மேற்கு வீட்டுப் பக்கமிருந்து வந்தது, அதற்கு யாரும் பலகை அடிக்கவில்லை. வாய் நிறையச் சொல் இருந்தது, சொல்லுவதற்கு எதிரே ஒரு பொருள் இல்லை. அந்த நேரத்தில்தான் தலை வாரிக்கொண்டிருந்த கார்த்தீஸ்வரி, அம்மா, அவங்களுக்குக் காபி குடுக்க டம்ளர் ஒன்னுகூட இல்லையேம்மா, என்ன செய்யப்போறோம் என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். சீனித்தாய் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மகளைக் கையால் காட்டி, ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி மூதேவி, அடுத்தவ வீட்டுப் பாத்திரத்துல திங்கிறவளே, புழு பூச்சிக்கு வழியில்லாதவளே, மஞ்சத் தட்டுல கை வைக்க யோக்கியதை இல்லாதவளே, முப்பது வருசமா மூலையில கெடந்து என் கழுத்த அறுக்கிறவளே, ஒன்னை எவன்டி வந்து கூட்டிட்டுப் போவான்!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் வீட்டில் இருந்த அமைதி அவளுக்குக் கேட்டது. கார்த்தீஸ்வரி சீப்பைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, பாதி பின்னிய சடையோடு, வாசல்படி இறங்கி, தெருவில் நாலு எட்டு நடந்து, ஜெயக்கொடி வீட்டுக்குள் போய்விட்டாள். சீனித்தாய்க்குக் கூப்பிட வாய் வரவில்லை. அத்தனை வருஷத்தில் அவளுக்கு வாய் வராத நேரம் என்றால் அது ஒன்றுதான்.

பத்து மணிக்குக் கழுகுமலைக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சங்கரபாண்டி வீடு எது என்று கேட்டதற்கு, தெருவுக்கு டீ கொண்டு வந்திருந்த முத்தையா, வீடு இதுதான், ஆனா பொண்ணு இப்ப மேக்கு வீட்டுல இருக்கு, அங்க போங்க என்று சாதாரணமாகச் சொன்னார். அவர்களும் சாதாரணமாகவே போனார்கள், ஊர் வழக்கம் எப்படியோ அப்படி. அங்கே ஜெயக்கொடி பித்தளைக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள், அது எவ்வளவு மொண்டாலும் குறையவில்லை. சீனித்தாயின் டம்ளர்களில் காபி வந்தது. கார்த்தீஸ்வரி ஜெயக்கொடியின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். பிள்ளை இல்லாதவள் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், பெற்றவள் வெறும் வீட்டில் சேவலோடு நிற்கிறாள். இதைவிட வேறு அடி வேண்டுமா?

சங்கரபாண்டி காலையிலேயே தம்பியோடு போய் அங்கே உட்கார்ந்துவிட்டார், ஆம்பளைகளைப் பற்றித்தான் சொன்னேனே. சீனித்தாய் தலையை அள்ளி முடிந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். சுவர் வைத்த நாளிலிருந்து மிதிக்காத வாசல். படியில் காலை வைத்தாள், உள்ளே வைக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், தெருவில் போனவர்களும் நின்றார்கள். நாக்கு அழுகினால் அழுகட்டும், நாக்கா பெத்த பிள்ளையா என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ஜெயக்கொடி."

அந்தப் பேர் அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டு முத்தையா கையில் இருந்த டீயை நழுவவிட்டார்.

"ஜெயக்கொடி, நான் கொடத்தைச் சொல்லல. ஒன்னயத்தான் சொன்னேன். அம்மியச் சொல்லல, ஒன்னயத்தான் சொன்னேன். முருங்கைய ஒருநாளும் சொன்னதில்ல, அம்புட்டும் ஒன்னயத்தான் சொன்னேன்."

குடம் மூலையிலிருந்து இறங்கியது. தண்ணீர் தளும்பாமல், விளிம்பு விளிம்பாக உருண்டு வந்து சீனித்தாயின் காலருகே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா காலைத் தூக்கி வழிவிட, அம்மி அவரைக் கடந்து வந்தது. வந்தவர்கள் காபியைக் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, டம்ளர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொல்லையில் மரம் வேரை எடுக்கிற சத்தம் கேட்டது. ஜெயக்கொடி அசையாமல் நின்றாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தழையவில்லை.

"எனக்கு அது மொத நாளே தெரியும். என் சேவல அனுப்பிரு. அதையும் நான் சொல்லல, ஒன்னயத்தான் சொன்னேன்."

கூரையிலிருந்த சேவல் சடசடவென்று பறந்து வந்து ஜெயக்கொடியின் தோளைத் தாண்டி உள்ளே இறங்கியது. கிரைண்டரைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை, ஒரே நாளில் அவ்வளவு தோற்க அவளுக்கு மனசில்லை. சீனித்தாய் மகளைப் பார்த்தாள். வாடி போகலாம் என்றாள். கார்த்தீஸ்வரி எழுந்திருக்கவில்லை.

"வாடி. ஒன்னையும் சொல்லலடி. அவளத்தான் சொன்னேன், சுவரைப் பாத்துத்தானே சொன்னேன்."

கார்த்தீஸ்வரி கையிலிருந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வாயில்லாப் பிள்ளை என்று பேரெடுத்தவள், எல்லார் முன்னாலும் நிதானமாகக் கேட்டாள்.

"புழு பூச்சி இல்லைன்னது சித்தியை. மஞ்சத் தட்டுன்னது சித்தியை. அது எனக்கும் தெரியும்மா. முப்பது வருசமா மூலையில கெடந்து கழுத்த அறுக்கிறவன்னியே, சித்தியா ஒன் வீட்டு மூலையில கெடந்தாங்க? அது யாருக்கு?"

சீனித்தாய்க்குப் பதில் தயாராக இருந்தது, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய பதில். கோழியைத்தான் சொன்னேன். அது நாக்கில் உருண்டு பல் வரைக்கும் வந்தது. ஆனால் மகளின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. விளாத்திகுளத்துக்காரர்கள் போன அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது கரண்டியை நங்கென்று வைத்தது ஞாபகம் வந்தது, ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்புகிறவளைப் பார்த்துப் பூனையைத் திட்டியது ஞாபகம் வந்தது, அப்போதெல்லாம் அவள் சுவரைப் பார்த்துச் சொல்லவே இல்லை.

"ஒனக்குத்தான்," என்றாள் சீனித்தாய்.

கார்த்தீஸ்வரி தலையை ஆட்டினாள். "சரிம்மா. என்கிட்ட வந்து சேந்திருச்சு. கல்யாணம் வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கிறேன்."

சொன்ன சொல்லை உரியவரிடம் சேர்ப்பித்ததும் பின்னாலேயே எழுந்து வந்துவிட அவள் என்ன குடமா? கழுகுமலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஜெயக்கொடி தாம்பாளம் எடுக்க உள்ளே போனாள். சீனித்தாய் திரும்பி நடந்தாள், குடமும் அம்மியும் டம்ளர்களும் சுளகும் வரிசையாக அவள் பின்னால் தெருவில் நடந்து வந்தன. கொல்லையில் போய்ப் பார்த்தால் முருங்கைமரம் பழைய குழியில் நின்றது, காயை எல்லாம் அங்கேயே உதிர்த்துவிட்டு வெறும் பூவோடு.

வீடு நிறைந்துவிட்டது, ஆனால் அந்த வீட்டில் சத்தமே இல்லை. மகள் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள், ஒரு கை தூரம். அவள் சாப்பிட்டாளா தெரியாது, தூங்கினாளா தெரியாது, மேலெல்லாம் மஞ்சள் பூசி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்லித்தான் தெரிகிறது. சீனித்தாய் பலகையில் காதை வைத்துப் பார்த்தாள். வளையலைக் கழற்றி அடைத்த அடைப்பு, எறும்புக்குக்கூடக் கேட்காத அடைப்பு. சண்டாளன் ஜெபசிங் வேலையில் மட்டும் பொய் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெயில் ஏறின நேரத்தில், அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். பலகையைத் திட்டவில்லை, ஆணியைத் திட்டவில்லை, பயம். கொஞ்சம் வாய்யா ராசா, ஒனக்கு ஒரு குறையும் வைக்கல, கொஞ்சம் விட்டுக்குடு என்று ஒவ்வொரு ஆணியாகக் கெஞ்சிக் கெஞ்சிப் பிடுங்கினாள். பலகை வந்தது, அட்டை வந்தது, பஞ்சுப் பொதி பொதியாக வந்து கூடமெல்லாம் பறந்து அவள் தலையிலும் மூக்கிலும் ஒட்டியது. கொல்லைப்பக்கத்துக் கடைசிப் பலகையைப் பிடுங்கி எறிந்ததும், எல்லாச் சத்தமும் மொத்தமாக வந்து அவள் மேல் விழுந்தது. பாத்திரம் உருள்கிற சத்தம், யாரோ சங்கிலியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிற சத்தம், அதற்கு நடுவில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம். அது யார் என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது, அந்தச் சிரிப்பை அவள் தன் வீட்டில் கேட்டதில்லை. சுவரில் கன்னத்தை வைத்து அப்படியே நின்றாள், கண்ணில் தண்ணீர் இறங்கிப் பஞ்சோடு பஞ்சாக அப்பிக்கொண்டது.

சிரிப்பு நின்றது. பலகை விழுந்த சத்தம் அந்தப்பக்கமும் கேட்டிருக்கும்தானே. ஜெயக்கொடி காக்கைக்குச் சோறு வைக்கக் கொல்லைக்கு வந்தாள், மெட்டிச் சத்தம் சுவரை ஒட்டி வந்து நின்றது. தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

"ஏ காக்கா! களவாணிக் காக்கா! சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒட்டுக்கேக்குறியே, வெக்கமா இல்ல? நாளைக்குக் காலையில இந்த வீட்டுல மஞ்சத்தண்ணி ஊத்துறோம். பெத்தவ கை மொதல்ல ஊத்தணும். வாசல் தொறந்துதான் கெடக்கும், வந்தா வா, வராட்டிப் போ. வந்து தொலையும்போது அந்தக் கிரைண்டரையும் கூட்டிட்டு வா. யாரும் இங்க தட்டை நகட்டி வைக்கமாட்டாங்க, நான் ஒன்னும் அந்த மாதிரி சிறுக்கி இல்ல."

காக்கை அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றை ஒரு பருக்கை விடாமல் கொத்தித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தது.